வார்டில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே பிடிக்க: செவிலியருக்கான சிமுலேஷன் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

கோட் ப்ளூ (இதயம் நின்றுபோன நோயாளிக்கான அவசர அழைப்பு) ஒத்திகை நடக்காத பெரிய மருத்துவமனை இன்று குறைவு. தரையில் பொம்மை கிடக்கும், ஒருவர் நெஞ்சை அழுத்துவார், இன்னொருவர் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகைப் பிடிப்பார், போட்டோ எடுத்து ஃபைலில் சேர்த்துவிடுவார்கள். தேவையான பயிற்சிதான். ஆனால் அந்த ஒத்திகை தொடங்கும் இடமே தாமதமான இடம். 1990-ல் வெளியான மயாமி ஆய்வு ஒன்றில், மருத்துவமனையில் இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திலேயே நிலை மோசமானது எழுத்தில் இருந்தது. 70 சதவீதம் பேரிடம் மாறியிருந்தது மூச்சு, அல்லது மனத்தெளிவு. எண்கள் கேஸ் ஷீட்டில் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்து யாரும் போனை எடுக்கவில்லை.

அந்த எட்டு மணி நேரத்துக்கான சிமுலேஷன், அதாவது நடித்துப் பழகும், பயிற்சியை எப்படி வடிவமைத்து நடத்துவது என்பதே இங்கே பேசப்படுவது. சிமுலேஷன் லேப் இல்லாத, நூறு இருநூறு படுக்கை கொண்ட மருத்துவமனையின் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் நர்சிங் டியூட்டரும் கையில் இருப்பதை வைத்தே இதைச் செய்யலாம். விலை உயர்ந்த பொம்மை வந்தால்தான் தொடங்க முடியும் என்று காத்திருப்பது வீண். பேசும், வியர்க்கும், நாடி துடிக்கும் பொம்மை நல்லதுதான். ஆனால் இந்தப் பயிற்சிக்கு ஒரு சக செவிலியர் நோயாளியாகப் படுத்தாலே போதும். பல நேரம் அதுதான் மேல், ஏனென்றால் பொம்மை குழம்பிப் பேசாது.

குறிக்கோளை மூன்றுக்குள் அடக்குங்கள்

ஒரு அமர்வில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பதுதான் முதல் சறுக்கல். முதல் அமர்வுக்கு இவை மூன்றும் போதும்: மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுவது, நோயாளியின் அளவுகளுக்கான எச்சரிக்கை ஸ்கோரைச் சரியாகப் போடுவது, ஸ்கோர் சொல்லும் நேரத்துக்குள் சரியான ஆளை சரியான வார்த்தைகளில் அழைப்பது. சிகிச்சை அடுத்த அமர்வுக்கு. "செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) பற்றித் தெரிந்துகொள்வார்" என்பது குறிக்கோள் ஆகாது. "நோயாளியைப் பார்த்த மூன்று நிமிடத்துக்குள் மூச்சை எண்ணிச் சொல்வார்" என்பது குறிக்கோள். கடிகாரத்தை வைத்து ஆம், இல்லை என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் திருத்தி எழுதுங்கள்.

அளவுகோல்: நியூஸ்-2

எல்லோரும் ஒரே அளவுகோலில் பேசினால்தான் பயிற்சி ஒட்டும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ்-2 (தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) பரவலாகப் பயன்படுகிறது. உங்கள் மருத்துவமனையில் வேறு ஸ்கோர் இருந்தால் அதையே வையுங்கள். நியூஸ்-2 என்றால் மதிப்பெண் இப்படி:

மூச்சு: நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை 0, 9 முதல் 11 வரை 1, 21 முதல் 24 வரை 2, 8-ம் அதற்குக் கீழும், 25-ம் அதற்கு மேலும் 3.
சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு, சதவீதத்தில்): 96-ம் மேலும் 0, 94, 95 என்றால் 1, 92, 93 என்றால் 2, 91-ம் கீழும் 3.
ஆக்சிஜன் ஓடினால் தனியாக 2.
மேல் பி.பி.: 111 முதல் 219 வரை 0; 101 முதல் 110 வரை 1; 91 முதல் 100 வரை 2; 90-ம் கீழும் 3; 220-ம் மேலும் 3.
பல்ஸ்: 51 முதல் 90 வரை 0, 41 முதல் 50 வரையும், 91 முதல் 110 வரையும் 1, 111 முதல் 130 வரை 2, 40-ம் கீழும், 131-ம் மேலும் 3.
மனத்தெளிவு: தெளிவாக இருந்தால் 0. புதிதாகக் குழப்பம், கூப்பிட்டால் மட்டும் கண் திறப்பது, வலி கொடுத்தால் மட்டும் அசைவது, எதற்குமே அசையாதது என எதுவானாலும் 3.
காய்ச்சல், செல்சியஸில்: 36.1 முதல் 38.0 வரை 0, 35.1 முதல் 36.0 வரையும், 38.1 முதல் 39.0 வரையும் 1, 39.1-ம் மேலும் 2, 35.0-ம் கீழும் 3.

மொத்தம் 5 அல்லது 6 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், மணிக்கொரு முறையாவது அளவுகள் எடுக்க வேண்டும். 7-ஐத் தொட்டால் அது அவசரநிலை. விடாத கண்காணிப்பும் தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர்களின் வருகையும் வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஒரே ஒரு அளவில் 3 வந்தால் அதுவும் மருத்துவரிடம் போக வேண்டிய செய்திதான்.

பயிற்சியில் அடிக்கடி தவறும் இடங்கள் இரண்டு. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) போன்ற நோயில் கரியமில வாயு தேங்குவது உறுதியாகி, இலக்கு 88 முதல் 92 என்று மருத்துவர் எழுதிய நோயாளிக்கு சாச்சுரேஷனுக்கென நியூஸ்-2-ல் தனியாக உள்ள இரண்டாவது அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். புகைபிடிப்பவர் என்பதற்காக செவிலியரே அதற்கு மாறக் கூடாது. அடுத்தது, 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நியூஸ்-2 பொருந்தாது. பிரசவ வார்டுக்குத் தனி எச்சரிக்கை அட்டவணை வேண்டும்.

கேஸ் எழுதுவது

பயிற்சியின் தலையெழுத்து இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. கேஸ், அதாவது நடிக்கப்போகும் நோயாளியின் கதை, உங்கள் வார்டில் நிஜமாக வரக்கூடியதாக இருக்க வேண்டும். சர்ஜிக்கல் வார்டில் செப்சிஸ், எலும்பு வார்டில் வலி மருந்து கூடிப்போய் மூச்சு குறைவது, மெடிக்கல் வார்டில் லோ சுகர், லேபர் வார்டில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. அப்படியே எடுத்துப் பயன்படுத்த ஒரு கேஸ்:

56 வயதுப் பெண், எடை 60 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. குடல் ஓட்டைக்கு வயிறு திறந்து அறுவை செய்த இரண்டாம் நாள். கேஸ் ஷீட்டில் காலை 6 மணி: மூச்சு 18, சாச்சுரேஷன் 97, பி.பி. 124/78, பல்ஸ் 88, காய்ச்சல் 37.2. ஸ்கோர் 0. பத்து மணி: 20, 95, 118/74, 98, 37.9. ஸ்கோர் 2. இந்த இரண்டு வரிகளையும் கையால் எழுதி பெட்டில் மாட்டுங்கள். ஏறுமுகத்தைப் பங்கேற்பாளர் தானாகக் கவனிக்கிறாரா என்பது முதல் சோதனை.

பிற்பகல் 2 மணி, கேஸ் தொடக்கம்: மூச்சு 23, சாச்சுரேஷன் 94, பி.பி. 106/62, பல்ஸ் 108, தெளிவாக இருக்கிறார், காய்ச்சல் 38.3. ஸ்கோர் 6. நோயாளி சொல்வது: "என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர், படபடன்னு வருது." யூரோபேக்கில் (சிறுநீர் சேரும் பை) நான்கு மணி நேரத்தில் 70 மில்லி. மணிக்கு கிலோவுக்கு அரை மில்லி என்று பார்த்தால் இவருக்கு மணிக்கு 30 மில்லி வர வேண்டும். வருவது 18-க்கும் கீழ். இதை யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது. பை கட்டிலின் மறுபக்கம் தொங்கட்டும்.

நான்காவது நிமிடம்: மூச்சு 28, சாச்சுரேஷன் 91, பி.பி. 92/50, பல்ஸ் 124, காய்ச்சல் 38.6, குழப்பம். ஸ்கோர் 14. கூட இருக்கும் மகளாக நடிப்பவர் சொல்ல வேண்டியது: "காலையில நல்லா பேசிட்டிருந்தாங்க சிஸ்டர், இப்ப ஏதோ சம்பந்தமில்லாம பேசுறாங்க." இந்த வரியைக் கேட்டதும் மனத்தெளிவுக்கு 3 போடுபவர் எத்தனை பேர் என்று கவனியுங்கள். "வயசானவங்க, தூக்கக் கலக்கமா இருக்கும்" என்று நகர்ந்துவிடுவது சகஜம். வீட்டாரின் கவலையை ஓர் அறிகுறியாகவே எடுக்கப் பழக்க வேண்டும். வீட்டாரே நேராக அவசர மறுபரிசோதனை கேட்கலாம் என்ற மார்த்தா விதி இங்கிலாந்தில் 2024 முதல் மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது.

ஆக்சிஜன் போட்டால் சாச்சுரேஷன் 96 ஆகட்டும். மற்றவை மாறக் கூடாது. ஸ்கோர் இப்போது 13: சாச்சுரேஷனுக்கான 3 போய், ஆக்சிஜனுக்கான 2 வந்துவிட்டது. மானிட்டரில் 96 தெரிந்ததும் "ஓகே ஆயிட்டாங்க" என்ற பெருமூச்சு எழும். அந்தப் பெருமூச்சைப் பிடிப்பதற்காகவே இந்தப் படி.

மருத்துவர் வந்து, 500 மில்லி ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் டிரிப்) வேகமாகப் போய், பிளட் கல்ச்சர் (கிருமி தேடும் ரத்தப் பரிசோதனை) எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கியபின்: மூச்சு 24, சாச்சுரேஷன் 97, ஆக்சிஜன் ஓடுகிறது, பி.பி. 104/60, பல்ஸ் 112, தெளிவு திரும்பிவிட்டது, காய்ச்சல் 38.4. ஸ்கோர் 8. இதற்குப் பிறகும் 7-க்கு மேல்தான். ஐ.சி.யு.வுக்குச் சொல்லப்பட்டால் கேஸ் முடிகிறது.

இதயம் நிற்பதில் கேஸை முடிக்காதீர்கள். முடித்தால் எல்லோர் நினைவிலும் நெஞ்சழுத்தம் மட்டுமே தங்கும். டிப்ரீஃபிங் (கேஸ் முடிந்தபின் உட்கார்ந்து அலசுவது) முழுவதும் அதைப் பற்றியே ஓடும். யாருமே அழைக்காவிட்டாலும் பத்தாவது நிமிடத்தில் நிறுத்துங்கள்.

பொருட்கள்

மானிட்டருக்கு டேப்லெட்டில் ஓடும் செயலிகள் உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு அளவையும் தனித்தனி அட்டையில் எழுதி, பங்கேற்பாளர் அதை நிஜமாக எடுத்தபின் மட்டும் காட்டுங்கள். கஃப்பைக் கட்டிக் காற்றடித்தால்தான் பி.பி. அட்டை. ஒருவகையில் அட்டை முறையே நல்லது: மானிட்டர் எல்லா எண்ணையும் சும்மா கொடுத்துவிடும், அட்டை கேட்டால்தான் கொடுக்கும். மூச்சுக்கு மட்டும் அட்டை வேண்டாம். நோயாளியாகப் படுப்பவர் நிமிடத்துக்கு 23, பிறகு 28 என்று மூச்சுவிடப் பழகட்டும். காதில் தாளம் தட்டும் மெட்ரோநோம் செயலி ஓடினால் எளிது. தலைசுற்றினால் உடனே சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லி வையுங்கள். மேலோட்டமான மூச்சாக இருந்தால் தலைசுற்றாது.

வியர்வைக்கு கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து முகத்தில் தெளிக்கலாம். கை சில்லிட, கேஸுக்கு முன் சில நிமிடம் ஐஸ் பேக் பிடிக்கச் சொல்லலாம். அடர்ந்த சிறுநீருக்குப் பால் சேர்க்காத டீ டிக்காஷன் போதும். கேனுலாவை நிஜமாகக் குத்தவே கூடாது: ஊசியும் குழலும் நீக்கிய பிடியை மட்டும் கையில் ஒட்டி, டிரிப் குழாயைப் போர்வைக்கு அடியில் ஒரு காலிப் பைக்குள் விடுங்கள். ஆக்சிஜனை நிஜமாகவே திறக்கலாம். திறக்காவிட்டால் ஒரு தவறு கண்ணில் படாமலே போகும்: மாஸ்க்கோடு தொங்கும் ரிசர்வாயர் பை உப்புவதற்கு முன்பே மாஸ்க்கை முகத்தில் மாட்டுவது. 15 லிட்டரில் திறந்து, பை நிரம்பியபின் மாட்ட வேண்டும்.

பயிற்சி மருந்துகள் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். 2014-ல் அமெரிக்காவில் பயிற்சிக்காகத் தயாரான சலைன் பைகள் தவறுதலாகக் கிளினிக்குகளுக்குப் போய், நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. பலர் நோய்வாய்ப்பட்டார்கள், ஓர் இறப்பும் பதிவானது. ஒவ்வொரு பாட்டிலிலும் ஆம்பியூலிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பில் ஒட்டுங்கள். தனிப் பெட்டியில் எண்ணி எடுத்து வாருங்கள், முடிந்ததும் எண்ணி எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கை சேராமல் வார்டை விட்டு யாரும் போகக் கூடாது. வார்டின் கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) பயன்படுத்தினால் திறந்ததை எல்லாம் அன்றே நிரப்பிப் பூட்டுங்கள்.

தொடங்கும் முன்

காலை, மதிய ஷிஃப்ட் மாறும் நேரம் தோதானது, இரண்டு ஷிஃப்ட்டாரும் இருப்பார்கள். மொத்தம் 45 நிமிடம்: முன்விளக்கம் 8, கேஸ் 10, டிப்ரீஃபிங் 25, மிச்சம் சுத்தம் செய்ய. பங்கேற்பவர்கள் இருவர் அல்லது மூவர். பார்ப்பவர்கள் நால்வருக்கு மேல் வேண்டாம். வார்டு நிரம்பி வழிந்தாலோ, நிஜமாகவே ஒரு நோயாளி மோசமாக இருந்தாலோ தள்ளிப்போடுங்கள். அந்த முடிவு இன்சார்ஜ் சிஸ்டருடையது. அவர் வேண்டாம் என்றால் பேச்சே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் இது ஒத்திகை என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பதறிப்போவார்கள்.

முன்விளக்கத்தைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். எட்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியவை: நோயாளியாகப் படுத்திருப்பவர் யார், எதை நிஜமாகச் செய்யலாம், எதை வாயால் சொன்னால் போதும், அளவுகள் எப்படிக் கிடைக்கும், போன் எங்கே, மறுமுனையில் யார் பேசுவார். நிஜமாகவே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைத் தீர்மானியுங்கள். "ஒத்திகை நிறுத்தம்" என்பது போதும். இங்கே நடப்பது வெளியே போகாது, வருடாந்திர மதிப்பீட்டில் சேராது என்பதையும் சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். நர்சிங் சூப்பரின்டென்டன்ட் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் வந்து உட்கார்ந்தால் அந்த வாக்குறுதி அங்கேயே காலாவதி. வீடியோ எடுப்பதானால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், டிப்ரீஃபிங் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

கேஸ் ஓடும்போது

ஒருவர் கேஸை நகர்த்துகிறார், ஒருவர் போனில் டியூட்டி டாக்டராகப் பேசுகிறார், ஒருவர் கடிகாரத்தோடு நேரம் குறிக்கிறார். குறிக்க வேண்டிய நேரங்கள் நான்கு: மூச்சை முதலில் எண்ணியது, ஆக்சிஜன் போட்டது, ஸ்கோரை வாய்விட்டுச் சொன்னது, முதல் அழைப்பு. இடையில் குறுக்கிட்டுச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மௌனமாகப் பார்ப்பது கஷ்டம்தான்; டியூட்டருக்கு நாக்கு துறுதுறுக்கும்.

மூச்சுக்காற்றுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், மனத்தெளிவு, உடலைத் திறந்து பார்ப்பது என்ற வரிசையில் போகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் வந்ததும் கஃப்பைத் தேடுவார்கள். பி.பி. இறங்குவது பெரும்பாலும் பின்னால்தான். உடல் நாடியையும் மூச்சையும் கூட்டி, ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொண்டு பி.பி.யைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. அந்தத் தாக்குப்பிடிப்பு தோற்கும் இடத்தில்தான் கஃப் உண்மையைச் சொல்லும். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடியும் ஏறாமல் ஏமாற்றும். திறந்து பார்ப்பது என்ற கடைசிப் படியை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். போர்வையை விலக்கினால்தான் வீங்கிய வயிறும், வயிற்றிலிருந்து வடிக்கும் டிரெயின் குழாயில் நிறம் மாறிய திரவமும் தெரியும். அவற்றை அங்கே வைத்திருங்கள்.

இனி போன். இதைத்தான் பயிற்சியின் உச்சமாக நினைக்கிறோம். சாதாரணமாக வரும் அழைப்பு இப்படி இருக்கும்:

"டாக்டர், 14-ம் பெட் பேஷண்ட்டுக்கு பி.பி. கொஞ்சம் லோவா இருக்கு."
"எவ்வளவு?"
"தொண்ணூத்திரண்டு பை ஐம்பது."
"ஆர்.எல். ஒரு பாட்டில் போடுங்க. நான் அப்புறம் வர்றேன்."
"சரிங்க டாக்டர்."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ஆனாலும் நோயாளி இன்னொரு மணி நேரம் அப்படியே கிடப்பார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவத்துக்கு வந்த எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்வது) அதே அழைப்பு:

"டாக்டர், சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் கலா பேசுறேன். 14-ம் பெட் பேஷண்ட்டுக்கு ஸ்கோர் 13. மூச்சு 28, பி.பி. 92/50, பல்ஸ் 124, புதுசா குழப்பம். குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள், சுகர் பேஷண்ட். காலையில ஸ்கோர் ஜீரோ. நாலு மணி நேரத்துல யூரின் 70 மில்லிதான். செப்சிஸ்னு சந்தேகப்படுறேன். ஆக்சிஜன் 15 லிட்டர் ஓடுது, பெரிய கேனுலா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள கல்ச்சர் எடுத்து, 500 ஆர்.எல். ஆரம்பிக்கட்டுமா?"

நாற்பது வினாடிக்குள் முடியும். கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் தொண்டையில் சிக்கும். "வந்து பார்க்கணும்" என்று மருத்துவரிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் வார்டுகளில் ஊறிப்போனது. எனவே டாக்டராகப் பேசுபவர் முதல் முறை வேண்டுமென்றே தட்டிக்கழிக்க வேண்டும்: "ஓ.டி.யில இருக்கேன், அப்புறம் பாக்குறேன்." கோபப்படக் கூடாது, திட்டக் கூடாது, இழுத்தடித்தால் போதும். பங்கேற்பாளர் மறுபடி சொல்கிறாரா, அடுத்த ஆளான பி.ஜி.க்கோ (மேற்படிப்பு மருத்துவர்) மயக்க மருத்துவருக்கோ போகிறாரா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் காத்திருந்து அடுத்தவரை அழைக்கலாம் என்பதை மருத்துவமனை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் தைரியத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பது செவிலியரை மாட்டிவிடுவதாகும்.

மருந்தும் டிரிப்பும் உத்தரவின் பேரில்தான், அல்லது மருத்துவமனையின் நிலையான ஆணை இருந்தால் அதன்படி. உத்தரவு வாய்மொழியாக வந்தால் பங்கேற்பாளர் திருப்பிச் சொல்ல வேண்டும்: "ஆர்.எல். 500 மில்லி, பதினஞ்சு நிமிஷத்துல. சரியா டாக்டர்?" செப்சிஸுக்கான சர்வதேச வழிகாட்டியான சர்வைவிங் செப்சிஸ் கேம்பைன் 2021-ல் சொன்னபடி, செப்டிக் ஷாக் (செப்சிஸால் பி.பி. விழுவது) இருக்கலாம் என்றால் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள், ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லி திரவம். இந்த நோயாளிக்கு 1800 மில்லி. சராசரி ரத்த அழுத்த இலக்கு 65. 92/50 என்பது கணக்குப் போட்டால் (கீழ் பி.பி.யை இரட்டித்து, மேல் பி.பி.யைக் கூட்டி, மூன்றால் வகுத்தால்) 64.

டிப்ரீஃபிங்

கற்றுக்கொள்வது இங்கேதான் நடக்கிறது. கேஸைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஒதுக்குங்கள். கட்டிலைச் சுற்றி நின்றபடி வேண்டாம். தனி அறையில் வட்டமாக உட்காருங்கள், டியூட்டரும் அதே உயர நாற்காலியில்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் மனதில் உள்ளதைக் கொட்டவிடுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். படபடப்பு இறங்காமல் காதில் எதுவும் ஏறாது. பிறகு என்ன நடந்தது என்று பங்கேற்பாளர்களே சுருக்கமாகச் சொல்லட்டும். ஒரே கேஸை மூவர் மூன்று விதமாகப் பார்த்திருப்பது அப்போது தெரியும். அதன் பிறகே அலசல்.

அலசலில் கேட்கும் விதம் எல்லாவற்றையும் மாற்றும். "எதையாவது மறந்தீங்களா?" என்பது பள்ளிக்கூடக் கேள்வி. பதில் டியூட்டரின் மனதில் இருக்கிறது, அதை ஊகிக்கச் சொல்கிறோம். பாஸ்டனில் உள்ள மருத்துவ சிமுலேஷன் மையத்தார் வளர்த்த முறையில், கண்டதைச் சொல்லி, உங்கள் கவலையைச் சொல்லி, பிறகு அவர் நினைப்பைக் கேட்க வேண்டும்: "நீங்க வந்ததும் பி.பி. எடுத்தீங்க. மூச்சை ஆறாவது நிமிஷம்தான் எண்ணினீங்க. மூச்சுதான் முதல்ல மாறும்கிறதால எனக்கு அது கவலையா பட்டுச்சு. அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிட்டிருந்துச்சு?" இதற்கு வரும் பதில்கள்தான் தங்கம். "சாச்சுரேஷன் 94 இருந்ததால மூச்சு பரவாயில்லன்னு நினைச்சேன்" என்பார் ஒருவர். "டாக்டர் முதல்ல பி.பி.யைத்தான் கேப்பாங்க" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாமவருக்கு உடலியல் விளக்கம் வேண்டும். இரண்டாமவர் சொன்னது மருத்துவர்களோடு பேச வேண்டிய விஷயம்.

மூன்று விஷயத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அவை குறிக்கோளில் எழுதிய மூன்றாக இருக்கட்டும். மிச்சம் உள்ள தவறுகள் இருபது ஆனாலும் அடுத்த முறைக்கு. டியூட்டரே பாதிக்கு மேல் பேசினால் அது லெக்சர் ஆகிவிடும். பார்வையாளர் ஒருவரை நேரம் பார்க்கச் சொன்னால் சட்டென்று தெரிந்துவிடும். நேரம் இருந்தால் போன் அழைப்பை மட்டும் எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். கேட்டுத் தலையாட்டுவதற்கும் வாயால் சொல்லிப் பார்ப்பதற்கும் வெகுதூரம்.

யாராவது அழுதால், அல்லது பழைய நோயாளி ஒருவரின் நினைவு வந்து மௌனமானால், அதை அலசலுக்குள் இழுக்க வேண்டாம். முடிந்ததும் தனியாகப் பேசுங்கள்.

அடுத்த கேஸ்கள்

வலிக்கு மார்ஃபின் போன நோயாளி: மூச்சு 7, ஆக்சிஜனோடு சாச்சுரேஷன் 96, கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார். ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு ஏறக்குறைய நின்றுபோகும் வரை சாச்சுரேஷன் நன்றாகவே தெரியும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல கேஸ் இல்லை. மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் 0.4 மில்லிகிராமை 10 மில்லியாகக் கலந்து, உத்தரவுப்படி ஒவ்வொரு மில்லியாக, மூச்சைப் பார்த்துப் பார்த்து.

ஆன்டிபயாடிக் ஊசிக்குப் பின் கடும் அலர்ஜி, அதாவது தடிப்பு, மூச்சிரைப்பு, பி.பி. 80: இங்கே எல்லோர் கையும் அவிலுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும்தான் முதலில் போகும். போக வேண்டியது அட்ரினலினுக்கு. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் மறுபடியும். ஆம்பியூலை உடைத்து அரை மில்லி இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: சிவப்புச் சாயத் தண்ணீர் 900 மில்லியைப் பேடுகளிலும் விரிப்பிலும் பிரித்து ஊற்றி, எவ்வளவு என்று கேளுங்கள். வழக்கமாகக் குறைத்தே சொல்வார்கள். பிறகு காய்ந்த எடையைக் கழித்து எடை போடச் சொல்லுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி.

பலன் தெரிய

கேஸில் குறித்த நான்கு நேரங்களை வரிசையாக வைத்திருங்கள், ஆள் பெயர் இல்லாமல். மூன்று முதல் ஆறு மாதத்தில் திறமை மங்கத் தொடங்கும். அதற்குள் அதே குழுவுக்கு வேறு கேஸ். உண்மையான பலன் வார்டின் கேஸ் ஷீட்டில்தான் தெரியும். மாதம் இருபது ஷீட்டை எடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 18, 20 என்றே இருக்கிறதா? நிஜமாக எண்ணினால் 17-ம் 19-ம் 23-ம் வரும். ஒரு வார்டு முழுக்க 20 என்றால் யாரும் எண்ணவில்லை. ஸ்கோர் 5-ஐத் தொட்ட நேரத்துக்கும் மருத்துவரை அழைத்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு?

வார்டிலேயே ஒத்திகை நடத்துவதால் இன்னொன்றும் வெளியே வரும்: சக்‌ஷன் குழாய் பொருந்தவில்லை, சிலிண்டர் சாவி காணோம், பெரிய கஃப் இல்லை, நோட்டீஸ் போர்டில் உள்ள ஐ.சி.யு. நம்பர் பழையது. இவற்றை டிப்ரீஃபிங்கின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் தேதியும் போட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமும் பயோமெடிக்கல் பிரிவிடமும் கொடுங்கள். அடுத்த அமர்வுக்கு ஆள் சேரும் முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், சாவி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.